கம்பஸ் லாப் அக்கவுண்ட், 5 ஜிபி: நாலு வருசம் பாவிச்சுப் பாத்திட்டு எழுதுறன்

முதல்லயே சொல்லிப்போடுறன், கம்பஸின்ர பேர் போட மாட்டன். கொழும்புக்குள்ள இருக்கிற ஒண்டு, அவ்வளவுதான். கடைசி வருசம் முடிஞ்சு ரிசல்ட்டும் வந்திட்டுது, இன்னும் கொஞ்ச நாள்ல என்ர அக்கவுண்டை மூடிப்போடுவினம், அதுக்கு முதல் இதைப் பற்றி எழுதாமப் போனால் மனசு ஆறாது. வெள்ளவத்தையில ஒரு கொத்துக்கடைக்கு ரிவ்யூ எழுதியிருக்கிறன், 900 ரூபா ஃபோன் கவருக்குக் கூட எழுதியிருக்கிறன், நாலு வருசம் நாள் தவறாமப் பாவிச்ச சாமானுக்கு ஒரு வரி எழுதேல்ல.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். எங்கட லாப்பில இருக்கிற மிசின் எல்லாம் லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொரு ஒப்பரேட்டிங் சிஸ்டம். எந்த மிசின்ல போய் இருந்தாலும் உங்கட பாஸ்வேர்டைப் போட்டால் உங்கட டெஸ்க்டொப், உங்கட ஃபைல், நேற்றுத் திறந்து வச்ச போல்டர் எல்லாம் அப்பிடியே வரும். மாயமில்லை, ஃபைல் ஒண்டும் அந்த மிசினுக்குள்ள இல்லை, சேர்வர் ரூமில இருக்கிற டிஸ்க்கில இருந்து நெட்வேர்க்கால வருது. என்எஃப்எஸ் எண்டு சொல்லுவினம், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காரர் 1984 ல செய்தது, இன்னும் ஓடுது. அந்த ஒரு டிஸ்க்கை எல்லாரும் பங்கு போடுறபடியால ஆளுக்கு இவ்வளவுதான் எண்டு ஒரு அளவு (அதுதான் கோட்டா), எங்கட கம்பஸில அது 5 ஜிபி.

நல்லதை முதல்ல சொல்லோணும். நான் முதலாம் வருசம் இருக்கேக்க, 2022 மார்ச் கடைசியில, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், ஞாபகம் இருக்கும். வீட்டில லாப்டொப் சார்ஜ் பண்ண வழியில்லை, லாப்பில ஜெனரேட்டர் இருந்ததால அங்கேயே கிடந்தம். ஜெனரேட்டர் மாறுற நேரம் மிசின் பொத்தெண்டு நிண்டு போகும், திரும்ப ஒன் பண்ணி, இல்லாட்டி பக்கத்து மிசினுக்குப் போய் இருந்தால் சேவ் பண்ணினது அப்பிடியே இருக்கும். அந்த நேரத்தில சொந்த லாப்டொப்பை மட்டும் நம்பின ரெண்டு பெடியள் ஹார்ட் டிஸ்க் அடிச்சுப் போய்த் தலையில கையை வச்சுக்கொண்டு இருந்ததை நான் என்ர கண்ணால பாத்தன். அதால பத்திரம் எண்ட விசயத்துக்கு முழு மார்க்ஸ், கண்ணை மூடிக்கொண்டு போடுவன்.

இனி மற்றப் பக்கம். ஃபைனல் புரொஜெக்ட் ரிப்போர்ட் குடுக்கிறதுக்கு முதல் நாள். பின்னேரம் ரிப்போர்ட்டைச் சேவ் பண்ணேக்க சின்னதா ஏதோ ஒரு பெட்டி வந்தது, படிக்காம ஓகே அடிச்சன் (எல்லாரும் அப்பிடித்தான், பொய் சொல்லாதேங்கோ), லொக் அவுட் பண்ணிப்போட்டுக் கண்டீனுக்குப் போய் ஒரு தேத்தண்ணியும் மீன் பணிஸும் சாப்பிட்டு வந்து பாஸ்வேர்டைப் போடுறன், ஸ்கிரீன் கறுப்பாகுது, ரெண்டு செக்கன், திரும்ப லொகின் பக்கம். திரும்பப் போடுறன், திரும்ப அதே. பாஸ்வேர்ட் பிழையெண்டால் பிழையெண்டு சொல்லோணும், அதுவும் சொல்லுதில்லை. நாலு மிசின் மாறிப் பாத்தன். பக்கத்தில இருந்தவள் "ஆரோ உன்ர அக்கவுண்டை ஹாக் பண்ணிட்டாங்கள்டி" எண்டாள், எனக்கு அந்த இடத்திலயே கண்ணால தண்ணி வந்திட்டுது.

லாப்பைப் பாக்கிற டெக்னிக்கல் ஒஃபிஸர் அண்ணா வந்தார். சிங்கள ஆள், தங்கமான மனுசன். ஒண்டும் கேக்கேல்ல, கொன்ட்ரோல் ஓல்ட் எஃப் 3 மூண்டையும் சேத்து அமத்தினார், கறுப்பு ஸ்கிரீன்ல வெறும் எழுத்தா ஒரு லொகின் வந்தது, "நங்கி, பாஸ்வேர்ட் கஹன்ன" (தங்கச்சி, பாஸ்வேர்டை அடியுங்கோ) எண்டார், அடிச்சன், உள்ளுக்குப் போட்டுது! கோட்டா எண்டு டைப் பண்ணி ஒரு இடைவெளி விட்டு ஹைஃபன் எஸ் போட்டார். ஒரு வரி வந்தது, அதில 5428 எம், அதாவது 5.3 ஜிபி, பக்கத்தில ஒரு நட்சத்திரக் குறி. "ஃபுல் நே" (நிரம்பிட்டுது தானே) எண்டு சிரிச்சார்.

நடந்தது இதுதான். டெஸ்க்டொப் திறக்கேக்க அது உங்கட ஹோம் போல்டருக்குள்ள சின்னச் சின்ன ஃபைல் கொஞ்சம் எழுதப் பாக்கும். எழுத இடமில்லையெண்டால் அதால எழும்ப ஏலாது, உங்களைத் திரும்ப வாசலுக்கே தள்ளி விடும். பாஸ்வேர்ட் சரி, வீடுதான் நிரம்பிப் போச்சு.

ஆனா 5 தானே லிமிட், 5.3 எப்பிடி வந்தது எண்டு கேப்பீங்கள். நானும் கேட்டன். லிமிட் ரெண்டு இருக்காம். சொஃப்ட் லிமிட் 5, ஹார்ட் லிமிட் 6. ஆறுக்கு மேல ஒரு பைட் கூட எழுத விடாது. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவில நிண்டால் ஏழு நாள் பொறுக்கும், லினக்ஸில அதுதான் வழமையா வச்சிருக்கிற தவணை, ஏழு நாளுக்குள்ள குறைக்காட்டி அந்த 5 தான் உண்மையான சுவர். நான் எந்த நாள் அஞ்சைத் தாண்டினன் எண்டு எனக்கே தெரியாது, ஏழு நாள் மணிக்கூடு பின்னால ஓடிக்கொண்டு இருந்திருக்கு, அது முடிஞ்ச நாள்தான் ரிப்போர்ட்டுக்கு முதல் நாள். என்ர சாதகத்தில சனி எங்கயோ இருந்து பாத்திருக்கு.

சரி, ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல? இதுதான் இந்த சேர்விஸில எனக்குப் பிடிக்காத ஒரே விசயம், ஆனா பெரிய விசயம். லிமிட்டைத் தாண்டேக்க சிஸ்டம் எச்சரிக்கை குடுக்குது, பொய்யில்லை. ஆனா அது டெர்மினல்ல, அதாவது கட்டளை டைப் பண்ணுற ஜன்னல்ல, எழுத்தாத்தான் வரும். டெஸ்க்டொப்பில மவுஸால வேலை செய்யிறவளுக்கு ஒண்டும் தெரியாது. இன்னொண்டு, கம்பஸ் மெயிலுக்கும் அனுப்புது. பிறகு போய்ப் பாத்தன், இருந்தது, ஒண்டில்லை ஆறு. கம்பஸ் மெயிலை ஆர் பாக்கிறது, அதில வாறது முழுக்க ஒடிட்டோரியம் மூடியிருக்கு, கார் பார்க் மூடியிருக்கு எண்டுதான். அதையும் விடுவம், பாத்திருந்தாலும் விளங்கியிராது, ஏனெண்டால் அதில இருந்தது 5557452 எண்டு ஒரு நம்பர். கிலோபைட்டாம். ஏழு இலக்கம், நான் ஆரின்ரயோ லேண்ட்லைன் நம்பர் எண்டு நினைச்சிருப்பன். "உங்கட இடம் நிரம்பிட்டுது, இத்தனாம் திகதிக்குள்ள குறையுங்கோ" எண்டு மூண்டு பாசையிலயும் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்? சொல்லுற விதத்துக்கு என்ர மார்க்ஸ் அஞ்சுக்கு ஒண்டு, அந்த ஒண்டும் ஆறு மெயில் அனுப்பினதுக்காக.

அண்ணா அண்டைக்கு பிரவுசரின்ர கேஷை (பாத்த பக்கங்களைத் திரும்பக் கெதியாத் திறக்க அது சேத்து வைக்கிற கொப்பி) மட்டும் அழிச்சார், 1.2 ஜிபி போச்சு, அஞ்சுக்குக் கீழ வந்தோண்ண எல்லாம் சரியாயிட்டுது. பிறகு ரிப்போர்ட்டைத் திறந்தன். பூச்சியம் பைட். வெறும் வெள்ளை. இடமில்லாத நேரத்தில சேவ் பண்ணினால் சில எடிட்டர் முதல்ல பழைய ஃபைலை வெறுமையாக்கிப்போட்டுத்தான் புதுசை எழுதத் தொடங்கும், எழுத இடமில்லையெண்டால் கையில இருந்ததும் போச்சு. அந்தச் சின்னப் பெட்டி அதைத்தான் சொல்லியிருக்கு. முந்தாநாள் மிஸ்ஸுக்கு ஒரு கொப்பி மெயில் பண்ணியிருந்ததால தப்பினன், ரெண்டு நாள் வேலையை ஒரு ராத்திரியில திரும்ப எழுதினன், அந்த ராத்திரியைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை.

வைவா முடிஞ்ச பிறகுதான் ஆற அமர இருந்து, என்னதான் அந்த 5.3 க்குள்ள கிடந்தது எண்டு பாத்தன். பாக்கிறது லேசு. டெர்மினல்ல டி யு எண்டு அடிச்சு, ஹைஃபன் எஸ் எச் போட்டு, போல்டரின்ர பேரைக் குடுத்தால் அது எவ்வளவு பிடிச்சிருக்கு எண்டு சொல்லும். ஆனா கவனம், புள்ளியில தொடங்கிற போல்டர் எல்லாம் ஒளிஞ்சிருக்கும், சும்மா பாத்தால் கண்ணுக்குத் தெரியாது, தின்னுறது முழுக்க அவைதான். பைல் மனேஜரில கொன்ட்ரோலையும் எச் ஐயும் அமத்தினால் எல்லாம் வெளிய வரும்.

நான் என்ர கையால எழுதின கோட், ரிப்போர்ட், நாலு வருச அசைன்மென்ட் எல்லாம் சேத்து 0.2 ஜிபி. நம்புவீங்களா? பிரவுசர் 1.2. குப்பைத்தொட்டிக்குள்ள 0.8, அதாவது நான் அழிச்சிட்டன் எண்டு நினைச்ச லெக்சர் வீடியோ எல்லாம் புள்ளி லோக்கலுக்குள்ள ட்ராஷ் எண்டு ஒரு மூலையில பத்திரமா இருந்திருக்கு, எம்டி பண்ணும் வரைக்கும் அதுவும் உங்கட கணக்குத்தான். பைதன் எண்ட புரோகிராம் மொழிக்கு இறக்கின லைப்ரரி 1 ஜிபி, அதை இறக்கேக்க வந்த பொதி 0.7 தனியா கேஷுக்குள்ள. கடையில சட்டி பானை வாங்கினால் அது வந்த காட்போர்ட் பெட்டியை அம்மா அலுமாரிக்கு மேல ஏத்தி வைப்பாவே, அந்த லைப்ரரியை இறக்கித் தாற பிப் எண்ட புரோகிராம் செய்யிறதும் அதுதான். அழிச்சால் ஒண்டும் ஆகாது, திரும்பத் தேவைப்பட்டால் திரும்ப இறக்கும்.

கூட்டிப் பாருங்கோ, 3.9 தான் வருது. மிச்சம் 1.4 எங்க? எனக்கு விசர் பிடிச்சிட்டுது. என்ர ஹோமைத் தலைகீழாக் கவுட்டுப் பாத்தும் காணேல்ல. கடைசியில பாத்தால் அது என்ர வீட்டுக்குள்ளயே இல்லை. எங்கட குரூப் புரொஜெக்ட், காலி ரோட்டில போற பஸ்ஸைப் படமெடுத்தால் அது 100 ஆ 101 ஆ எண்டு கண்டுபிடிக்கிறது, பம்பலப்பிட்டிச் சந்தியில நிண்டு எடுத்த ஃபோட்டோ எல்லாத்தையும் நாலு பேரும் பாவிக்கிற பொது போல்டரில போட்டிருந்தம். போட்டது ஆர்? நான். கோட்டா ஃபைல் எங்க இருக்கு எண்டு பாக்காது, ஃபைல் ஆரின்ர பேரில இருக்கு எண்டுதான் பாக்கும். அதே டிஸ்க்கில எந்த மூலையில கிடந்தாலும் கொப்பி பண்ணினவளின்ர கணக்கு. மற்ற மூண்டு பேரும் 2 ஜிபியோட கால் நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாளவை. பேர் மாத்தி எழுதவும் எங்களுக்கு அனுமதியில்லை, அட்மினால மட்டும்தான் ஏலும், ஒரே வழி வேற ஆராவது தன்ர பேரில கொப்பி எடுத்துப்போட்டு நான் என்ரயை அழிக்கிறது. அதைச் செய்யச் சொல்லி குரூப் சட்டில கேட்ட அண்டைக்கு ஒருத்தியும் ரிப்ளை பண்ணேல்ல, புளூ டிக் மட்டும் மூண்டு. சரி, இது சேர்விஸின்ர பிழையில்லை.

இன்னொரு பொறி இருக்கு, இது எனக்கில்லை, என்ர ரூம்மேட்டுக்கு நடந்தது. அவளின்ர கணக்கில 2 ஜிபி கூட இல்லை, ஆனா ஒண்டும் சேவ் பண்ண ஏலாது, டிஸ்க் கோட்டா எக்ஸீடட் எண்டு வருது. ரெண்டு நாளா மண்டையை உடைச்சம். எத்தனை ஜிபி எண்டதுக்கு மட்டுமில்லை, எத்தனை ஃபைல் எண்டதுக்கும் ஒரு லிமிட் இருக்கு. ஐநோட் எண்டு சொல்லுவினம், ஒரு ஃபைலுக்கு ஒண்டு. அவள் வெப் புரொஜெக்ட் செய்யிறவள், நோட் மொடியூல்ஸ் எண்ட போல்டருக்குள்ள பத்தாயிரக்கணக்கில குட்டிக் குட்டி ஃபைல், அஞ்சு அசைன்மென்டுக்கு அஞ்சு தரம். எரர் மெசேஜ் ரெண்டுக்கும் ஒண்டுதான், ஆகவே என்ன குறைஞ்சது எண்டு அதைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது. கோட்டா எண்டு அடிச்சால் வாற வரியில வலப்பக்கம் ஃபைல்ஸ் எண்டு ஒரு நிரல் இருக்கும், அதைப் பாருங்கோ, அதுக்குப் பக்கத்தில நட்சத்திரம் நிண்டால் இந்த வருத்தம்தான்.

அழிச்ச பிறகும் இடம் வரேல்ல எண்டால் பயப்பிடாதேங்கோ, ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வச்சிருக்கும், புள்ளி என்எஃப்எஸ் எண்டு தொடங்கிற ஒரு பேய்ப் பேரோட அது அங்கேயே நிக்கும். புரோகிராமை மூடினால் போயிடும்.

அதுக்குப் பிறகு எனக்கு உதவினது ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு லாப் மிசினிலயும் டெம்ப் எண்டு ஒரு போல்டர் இருக்கு, எங்கட லாப்பில அது மிசினின்ர சொந்த டிஸ்க், உங்கட கோட்டாவில வராது. பிரவுசர் கேஷை அங்க திருப்பி விட்டன், ஒரு சிம்லிங்க் (ஒரு போல்டரின்ர பேரை இன்னொரு இடத்துக்குக் காட்டி விடுற குறுக்கு வழி) போட்டால் சரி. ரீஸ்டார்ட் பண்ணேக்க அங்க இருக்கிறது போயிடும், கேஷ்தானே, போகட்டும். தப்பித் தவறி ரிப்போர்ட்டை அங்க வச்சிடாதேங்கோ, அதுவும் ஒருத்தன் செய்தவன்.

"5 ஜிபி எல்லாம் ஒரு அளவா, யூனிட்டி பிளாசாவில போய் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொழுவினால் முடிஞ்சுது" எண்டு ஜூனியர் ஒருத்தன் சொன்னான். நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். 600 பிள்ளையளுக்கு 5 ஜிபி எண்டால் 3 டிபி, பெரிய கணக்கில்லைத்தான். ஆனா ஒரு டிஸ்க் செத்தாலும் ஃபைல் சாகாம இருக்கிறதுக்கு அதே சாமானை ரெண்டு மூண்டு டிஸ்க்கில வைக்கோணும், அதுக்கு மேல பேக்கப் வேற. 2022 ல கரண்ட் போய்ப் போய் வந்தும் என்ர ஒரு ஃபைல் கூடக் காணாமப் போகேல்ல எண்டால் அதுக்குக் காசு போயிருக்கு. அளவு போடுறதும் எங்கட ஆக்கள் கண்டுபிடிச்ச கொடுமையில்லை. மெல்பேர்ன் யூனிவர்சிட்டியில ரொபர்ட் எல்ஸ் எண்டவர் லினக்ஸுக்கு முந்தின யூனிக்ஸ் எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இந்தக் கோட்டாவைச் செய்து, 1983 ல 4.2 பிஎஸ்டி எண்ட யூனிக்ஸ் பதிப்போட வந்தது. அதுவும் ஒரு கம்பஸ்தான், அங்கயும் ஆரோ டிஸ்க்கை நிரப்பியிருப்பான்.

வெளியில வேற வழி இல்லையா எண்டால் இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் ஒரு வால் இருக்கு. சொந்த ஜிமெயிலோட 15 ஜிபி வரும், மெயில், ட்ரைவ், ஃபோட்டோ மூண்டுக்கும் சேத்துத்தான் அது, 2021 ஜூன் 1 ல இருந்து ஃபோட்டோவும் கணக்கில வருது, அம்மாவின்ர காலமை வணக்கம் படங்களை பேக்கப் பண்ணினாலே பாதி போயிடும். கம்பஸ் கூகுள் அக்கவுண்டில அளவில்லை எண்ட காலமும் 2022 ஜூலையோட முடிஞ்சுது, இப்ப ஒரு கல்வி நிறுவனத்துக்கு மொத்தமா 100 டிபி, 10,000 பேர் இருக்கிற கம்பஸ் எண்டால் ஆளுக்கு 10 ஜிபி, அவ்வளவுதான். புரோகிராம் கோட் எண்டால் கிட்ஹப்பில (கோட் சேத்து வைக்கிற இணையத்தளம்) போடுங்கோ, அது நல்லது, 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைலை மட்டும் எடுக்காது. பென் ட்ரைவ் எண்டால் ஒரு சொல்லு: புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில 128 ஜிபி எண்டு மலிவா ஒண்டு வாங்கினன், கொம்பியூட்டரும் 128 எண்டுதான் காட்டிச்சுது, 8 க்கு மேல போட்டதெல்லாம் திறக்காத ஃபைல். வாங்கினால் நிரப்பித் திரும்பத் திறந்து பாத்திட்டு நம்புங்கோ.

இனி எக்ஸ்டென்ஷன், அதாவது இடத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேக்கிறது. இருக்கு, கேட்டால் தருவினம், ஒஃபிஸில ஒரு ஃபோர்ம். காரணம் எழுதி, சுப்பவைசர் மிஸ்ஸின்ர சைன், டிபார்ட்மென்ட் ஹெட் சேரின்ர சைன், பிறகு நெட்வேர்க் பிரிவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கோணும். ஹெட் சேர் கொன்ஃபரன்ஸுக்குப் போயிட்டார், கிளார்க் அக்கா "ஃபோர்மை வச்சிட்டுப் போங்கோ பிள்ளை" எண்டா, வச்சிட்டுப் போனன். அது ரிப்போர்ட் குடுத்த கிழமை. மெயில் வந்தது வைவா முடிஞ்சு 11 நாளுக்குப் பிறகு, 2 ஜிபி கூட்டியிருக்கு எண்டு, இந்த முறை மட்டும் கிலோபைட்டில எழுதாம வடிவா ஜிபி எண்டே எழுதியிருந்தவை. இப்ப எனக்கு 7 ஜிபி. அதுக்குள்ள கிடக்கிறது 212 எம்பி.